தண்ணீருக்குள் சலங்கை

ரேக்ளா பந்தய வண்டியில் பூட்டிய காலத்தில் செவலைக் காளையை முந்திய மாடு கிடையாது. முன்னங்கால் முட்டி பிசகிய பிறகு, கால் தேறட்டும் என்று அதைக் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் இறக்கி ஓடவிட்டார்கள்.

அங்கே ஊறிக்கிடந்த எருமைக்கு ஒரே ஆச்சரியம். "என்னமா ஓடுற! கால் வலிக்கலையா தம்பி?"

"இல்லக்கா. தண்ணி என்னைத் தூக்கிப் பிடிச்சுக்குது. கால் இருக்கறதே தெரியல."

"அப்புறம் என்ன குறை? இங்கேயே ஓடு."

செவலை இன்னும் வேகமாக உந்திப் பார்த்தது. எவ்வளவு உந்தினாலும் கரை பின்னால் போகவில்லை. காதில் காற்று அடிக்கவில்லை. கழுத்துச் சலங்கை தண்ணீருக்குள் ஊமையாய்க் கிடந்தது.

சாயங்காலம் கரையேறியதும் உடம்பின் கனமெல்லாம் திரும்பி வந்து முட்டியில் இறங்கியது. கயிற்றைப் பிடித்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு பீடி பற்றவைத்தான். அவ்வளவுதான், செவலை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. எதிரே இருந்த பனைமரம் வரைகூடப் போகவில்லை. முட்டி மடங்கிப் புழுதியில் விழுந்தது.

எருமை பதறி எழுந்தது. "ஐயையோ! ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுதுக்கா." செவலை மூச்சிரைக்கத் தலையைத் தூக்கியது. "சலங்கைச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"