வராந்தாவில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில், புதிதாக வந்திருக்கும் பெரிய டாக்டரை மரியாதைக்குப் பார்க்க வந்தவர்களின் வரிசை வெயிலில் நெளிகிறது. ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். மதுரையில் நர்ஸ் படிப்பை முடிக்கப்போகும் நாகமணியின் கையிலும் ஒன்று. உள்ளூரில் வேலை கிடைக்காவிட்டால் அவள் எங்கோ வடக்கே போகவேண்டும். "பெரிய ஆளுகளப் பழக்கம் பிடிச்சு வச்சுக்கணும் புள்ள. எனக்குத் தெரியாத ஆபீஸரா?" என்கிறார் மாமா திம்மையா. தறிச்சத்தத்தில் வளர்ந்த அவள் காதுக்கே அவர் குரல் அதிகம். கஞ்சி போட்ட சட்டை அசைவுக்கு அசைவு மொடமொடக்கிறது. ஜன்னலுக்குள்ளே டாக்டர், முகம் நிமிராமல் ஒவ்வொருவர் பழத்தையும் வாங்கி மேஜைக்கடியில் இருக்கும் கூடையில் போடுகிறார். நாகமணியின் விரல்கள் பழத்தை உருட்டிக்கொண்டே இருக்கின்றன. வராந்தாக் கோடியில், தலைமை நர்ஸைக் காலில் இருக்கும் கட்டைப் பிரிக்கவிடாமல் ஒரு குழந்தை துள்ளுகிறது. "அங்க என்ன பார்வ? நர்ஸம்மாவால என்ன ஆகும்? டாக்டரப் பாரு!" என்று அதட்டுகிறார் மாமா. அதற்குள் தலைமை நர்ஸ் திரும்பி, "ஏம்மா, சும்மாதான நிக்கிற? கையக் கழுவிட்டு வந்து இந்தக் காலப் பிடி" என்கிறார். பழத்தை மாமா கையில் திணித்துவிட்டு நாகமணி குழாயடிக்கு ஓடுகிறாள். அவள் குழந்தையின் காலைப் பிடிக்கும் பக்குவத்தைப் பார்த்து, "நர்ஸுக்குப் படிக்கிறியா? பேரென்ன?" என்று தலைமை நர்ஸ் கேட்கிறார். திம்மையா பழமும் கையுமாகத் தூணோரம் விறைத்து நிற்கிறார். வரிசையில் நிற்கும் திருச்சுழிப் பக்கத்து விவசாயச் சம்சாரி ஒருவர் அந்தக் கஞ்சிச் சட்டையை மேலும் கீழும் பார்க்கிறார். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் பழத்தையும் அவர் கையில் வைத்துக் கும்பிடுகிறார். "அய்யா, நம்ம பயலுக்கு இங்க ஒரு வேல..."

திம்மையா தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "பாப்போம்."