பதினொரு நாள் சீஷன்

“பதினொரு நாள், ஜெயசீலி! முழுசா பதினொரு நாள், நான் போற எடத்துக்கெல்லாம் பின்னாலயே வரான்” என்றார் பேராசிரியர் தேவஇரக்கம்.

“யாருங்க?” புளிக்குழம்பைக் கிளறியபடி கேட்டாள் அவர் மனைவி.

“நம்ம அறிவரசன்தான். திருமானூர்க்காரன். சிமென்ட் ஆலை வேலைய விட்டுட்டு வேதம் படிச்சு, இப்ப எனக்கு உதவி ஆசிரியரா இருக்கானே.”

பெரம்பலூரில் ஓர் இறையியல் கல்லூரியில் முப்பத்தொரு வருடமாக அவர் நடத்துவது ஒரே பாடம், சீஷத்துவம். குருவின் பின்னால் நடந்து கற்பதே சீஷத்துவம், பரீட்சை எழுதிக் கற்பதல்ல என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்வார். மாணவர்கள் அதைப் பரீட்சையில் அழகாக எழுதிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். ஒருவர்கூடப் பின்னால் நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அடுத்து அந்த வகுப்பை எடுப்பவர் பெயரை நாளைக் காலை முதல்வரிடம் கொடுத்தாக வேண்டும்.

“இவன் பேரத்தான் கொடுக்கப் போறேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டுல ஜிலேபி வாங்கிக் கொடுத்தா, ‘எனக்கு வேணாம், நீங்க சாப்புடுங்கய்யா’ங்கிறான். தன்னை வெறுத்தல்! நான் போர்டுல எழுதுனத அவன் செஞ்சே காட்டிட்டான்.”

“அப்படியா!” ஜெயசீலி அடுப்பைத் தணித்தாள்.

“சும்மா வரதில்ல. நான் வாயத் தொறந்தா போதும், நோட்ட எடுத்து எழுதறான்.”

வாசலில் செருப்புச் சத்தம். உள்ளே வந்த அறிவரசன், பேராசிரியரைக் கண்டதும் கையிலிருந்த நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“பாத்தியா, தாழ்மை!” என்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினார் அவர். “வாப்பா. இனிமே என் வகுப்பு ஒன்னோடது. என்கிட்ட கத்துக்கிட்டத கொஞ்சம் வாசி, இவளும் கேக்கட்டும். இத்தன வருஷத்துல இவ என் வகுப்புப் பக்கமே வந்ததில்ல.”

“ஐயா, இது... வேணாங்கய்யா.”

“அட, வாசிப்பா!”

அறிவரசன் ஜெயசீலியைப் பார்த்தான்.

“வாசிங்க தம்பி. நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் அவள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“திங்கள், மாலை நாலு பத்து. அரியலூர் பஸ் ஸ்டாண்டு. ஜிலேபி இரண்டு. எனக்கு வாங்கியதையும் சேர்த்து மூன்று. செவ்வாய், விக்கிரமங்கலம் ஜெபக்கூட்டம். கேசரி, இரண்டு தடவை. புதன்...”

பேராசிரியர் மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். “என்னப்பா இது?”

“மன்னிச்சுக்கங்கய்யா. ‘மாத்திரையெல்லாம் சரியாத்தான் போடறாரு, சுகர் மட்டும் எறங்க மாட்டேங்குது. பத்துப் பதினொரு நாள் பின்னாலயே போயி, என்ன திங்கிறாருன்னு எழுதிட்டு வாங்க தம்பி’ன்னு அம்மாதாங்க அனுப்புனாங்க.”