பதினான்கு கையெழுத்துகள்

மகனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று விசாரணை அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்டார். அப்பா மூன்றாவது முறையாகத் தண்ணீர் குடித்தார்.

“அவனால வர முடியாதுங்க. கேக்க வேண்டியதை என்கிட்ட கேளுங்க.”

“நீங்க தையல்காரர். உங்ககிட்ட கான்கிரீட்டைப் பத்தி என்னத்தைக் கேக்கிறது?”

அதிகாரியின் கவலை நியாயமானது. புது மெட்ரோ பாலத்தின் பன்னிரண்டாம் தூணில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பாலத்தில் இன்னும் ஒரு ரயில்கூட ஏறவில்லை. திறப்பு விழா அழைப்பிதழ்தான் அச்சாகி மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

கட்டுமானக் கம்பெனியின் மேனேஜர் பதிவேட்டைத் திறந்தார். அவர் மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

“கான்கிரீட் போட்டா பதினாலு நாள் சாக்கு சுத்தித் தண்ணி ஊத்தணும் பெரியவரே. இல்லாட்டி காஞ்சு வெடிச்சிடும். உங்க பையன்தான் அதுக்குப் பொறுப்பு. ஏழு மாசத்துக்கு முன்னாடி, ஒண்ணாம் தேதியிலேர்ந்து பதினாலாம் தேதி வரைக்கும், ஊத்தாமலே ஊத்தினதா தினமும் கையெழுத்துப் போட்டிருக்கான். சாயங்காலம் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறோம்.”

“அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க.”

“எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றாங்க.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தையலைச் சோதிப்பதுபோல் பதினான்கு கையெழுத்துகளின் மேலும் விரலை ஓட்டினார். ஒன்பதாவதில் விரல் நின்றது.

“இங்கேர்ந்து எழுத்து கொஞ்சம் அழகா இருக்கு.”

“போடப் போடப் பழகிடும்” என்றார் மேனேஜர்.

“பதினாலு நாளும் அவன் வேலைக்கு வந்தான். அதுல சந்தேகம் இல்லையே?”

“துளிகூட இல்ல.”

“அதை மட்டும் ஒரு தாள்ல எழுதி, சீல் வச்சுக் கொடுத்திடுங்க. அப்புறம் என்ன கேட்டாலும் சொல்றேன்.”

மேனேஜர் அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தார். மகனுக்கு அப்பாவே விலங்கு மாட்டுவதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையை இரண்டு தடவை குத்தினார்.

மை காயும்வரை அப்பா ஊதினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அதே பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த அதிலும் அதே கம்பெனியின் முத்திரை.

“போன மேனேஜர் கொடுத்ததுங்க. ஏழு மாசமா இதை வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையறேன்.”

அதிகாரி வாய்விட்டுப் படித்தார். “எட்டாம் தேதியோடு வேலையை விட்டு நின்றுவிட்டார். அதன்பின் அவருக்கும் இந்த நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.”

மேனேஜர் பதிவேட்டை யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் பார்த்தார்.

“எட்டாம் தேதியே நின்னுட்டான்னா, ஒம்பதாம் தேதி கையெழுத்து யாருது?” என்றார் அதிகாரி.

அப்பா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

“அது எனக்குத் தெரியாதுங்க. ஒம்பதாம் தேதி காலையில, அந்தத் தூணுக்குத் தண்ணி ஊத்த ஏறினப்பதான் அவன் விழுந்து செத்தான்.”