நடீன் தூங்கட்டும்

"திரும்பிப் பாக்காதே வெண்டல். ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றது காதில் மாட்டியிருந்த போன்.

வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. லாரி சீட்டில் அவன் முதுகுக்குப் பின்னால் திரை. திரைக்கு அந்தப் பக்கம் படுக்கை. அங்கிருந்து பேசவா கட்டின மனைவி போன் போடுவாள்?

"ஏன் கண்ணு, வாயால கூப்பிட்டா ஆகாதா?"

"இந்த எஞ்சின் இரைச்சல்ல தொண்டை கிழியக் கத்தணுமா? ஸ்கூல் பஸ் ஓட்டினப்போ கத்தினதே இந்த ஜென்மத்துக்குப் போதும்."

அதுவும் சரிதான். நடீன் இருபது வருஷம் பனியிலும் மழையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வெண்டலோ மெத்தைக் கடையில் மெத்தை விற்றே காலம் தள்ளியவன். லாரி லைசென்ஸ் கைக்கு வந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை.

வீட்டை விற்று இந்த லாரியை வாங்கியிருந்தார்கள். இதுதான் முதல் சரக்கு, பெட்டி பெட்டியாகக் கார் பாகங்கள். டென்னசியில் ஒரு கார் தொழிற்சாலை இதற்காகக் காத்திருந்தது. மாலை ஷிப்ட் தொடங்குமுன் பெட்டிகள் போய்ச் சேராவிட்டால் அங்கே வேலை நின்றுவிடும். அவசரச் சரக்கு என்றாலே அப்படித்தான். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்க, சக்கரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "லேட் ஆச்சுன்னா அடுத்த சரக்குக்கு எங்களைக் கூப்பிடாதீங்க" என்று சரக்குக் கொடுத்த கம்பெனிக்காரன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான்.

மிஷிகனிலிருந்து டேட்டன் வரை நடீன் ஓட்டினாள். அங்கே டீசல் போட்டதும் வெண்டலின் முறை. அவன் உள்ளே போய்க் காபி வாங்கிக்கொண்டு வந்தபோது திரை மூடியிருந்தது. அவள் தூக்கம் கெடக்கூடாதே என்று கதவைக்கூட மெல்லச் சாத்திக்கொண்டு கிளம்பினான்.

"நீ தூங்கலையா?" என்று இப்போது கேட்டான்.

"உன் டிரைவிங்ல எவ தூங்குவா? சின்சினாட்டி பாலம் வருது. உன் லேனை விட்டு அசையாதே. ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுட்டுப் போறான்."

அசையாமல் போனான். பாலம் தாண்டிக் கென்டக்கி வந்தது.

"நடீன், அங்கே என்ன, தட்டு உருள்ற மாதிரி சத்தம்?"

"ஏதோ சாமான் சரியுது. நான் பாத்துக்கறேன்."

"பசிச்சா சொல்லு, எங்கேயாவது நிறுத்தறேன்."

"நிறுத்தினே, உன்னை வீட்டுக்கே அனுப்பிடுவேன். வீடுதான் இல்லையே, அதனால பேசாம ஓட்டு."

மத்தியானம் தாண்டி மழை பிடித்தது. ஜெல்லிகோ மலை நெருங்கும்போது பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வெண்டல் வேகத்தைக் குறைத்தான்.

"கண்ணு, இந்த மலை என்னால ஆகாது. ஓரமா நிறுத்தறேன். நீ வந்து ஓட்டு. தாண்டினதும் நான் வாங்கிக்கறேன்."

"மாட்டேன்," என்றாள் நடீன். "இது உன் முறை. எனக்குத் தூக்கம் வருது."

"வெளியே நிலைமை தெரியாம பேசறே."

"தெரிய வேண்டாம். உன்னை நம்பி நான் தூங்க முடியலேன்னா இந்தத் தொழில் நமக்கு எதுக்கு? உச்சியிலேயே கியரைக் குறைச்சுடு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காதே, விட்டு விட்டு மிதி. அவ்வளவுதான் மலை."

அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், ஒரு அவசரத்துக்கு எழுந்து வரக் கூடாதா? ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தான். போன் செத்திருந்தது. மலைக்குள் சிக்னல் கிடையாது.

"நடீன்," என்று வாய்விட்டே கூப்பிட்டான். பதில் இல்லை. நிஜமாகவே தூங்கிவிட்டாள் போலிருக்கிறது.

கோபம் மெல்ல இறங்கியது. தன்னை நம்பி ஒருத்தி இந்த மழையில், இந்த மலையில் கண்ணை மூடியிருக்கிறாள். அவள் தலையணை அசையக்கூடாது என்கிற ஒரே நினைப்போடு கியரைக் குறைத்தான். விட்டு விட்டு மிதித்தான். வளைவுக்குப் பின் வளைவாக மலை பின்னால் போயிற்று. கீழே சமவெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

போன் மணியடித்தது.

"எங்கே இருக்கோம்? மலை வந்துடுச்சா?" நடீனின் குரல் பதறியது.

"மலையா? அது போயே போச்சு. நீ நல்லாத் தூங்கினே."

அவள் அழுகிற மாதிரி கேட்டது. "எனக்குத் தெரியும் நீ ஓட்டிடுவேன்னு," என்றாள்.

தொழிற்சாலை வாசலில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பெட்டிகள் இறங்கியதும் வெண்டலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இனிமே உங்க ஜோடியைத்தான் அனுப்பச் சொல்லப் போறேன். இன்னொருத்தர் எங்கே?"

"மெல்லப் பேசுங்க, தூங்கறா," என்றான் வெண்டல். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் உள்ளே போனதும் போன் வந்தது.

"சரக்கு இறங்கிடுச்சா? கையெழுத்து வாங்கிட்டியா?"

"எல்லாம் ஆச்சு மகாராணி. எழுந்து இறங்கி வா, சூடா ஏதாவது சாப்பிடலாம்."

"அதுக்கு நீதான் வரணும் கண்ணு," என்றாள் நடீன். "டேட்டன்ல நான் பாத்ரூம் போயிருந்தப்போ நீ வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே. அப்பவே சொல்லியிருந்தா நீ திரும்பி வந்திருப்பேல்ல?"