பின் இடது மூலை

பம்மலில் அந்தக் காலனியில் யார் இறந்தாலும், பாடையின் பின் இடது மூலை மோகன்ராஜுக்குத்தான். திருமுடிவாக்கம் பட்டறையில் இரும்பு சுமந்து உரமேறிய தோள் அவருடையது.

காலனிப் பிணம் பெரிய தெரு வழியாகப் போகக்கூடாது என்றிருந்த காலத்தில், மீறித் தூக்கிப் போன ஆண்கள் பதினொரு பேரையும் போலீஸ் தெருமுனையில் வேனில் ஏற்றியது. தரையில் கிடந்த பாடையை நான்கு பெண்கள் தூக்கிச் சுடுகாடு சேர்த்தார்கள். முனையில் நட்ட கல்லில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. இன்றும் பெண்கள் அந்த முனையோடு திரும்பிவிட வேண்டும்.

முனை தாண்டியதும் பாடையின் மூன்று மூலைகளில் கனம் போய்விடும். தூக்குகிற எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அன்று தூக்கிய நான்கு பெண்களில் மூவர் எப்போதோ இறந்துவிட்டார்கள். பின் இடது மூலை மட்டும் கனக்கும். அதனால்தான் அங்கே மோகன்ராஜ்.

போன செவ்வாய்க்கிழமை நான்காமவரான அஞ்சம்மாளின் பாடையைத் தூக்கினார்கள். முனையில் அவர் மகள் சந்திரிகா நின்றுவிட்டாள்.

"பாத்துத் தூக்கினு போண்ணா. அம்மா அன்னிக்கு நீ நிக்கிற மூலையத்தான் புடிச்சுதாம்."

"நான் கீறேன்ல, நீ வூட்டுக்குப் போ," என்றார் மோகன்ராஜ்.

பத்தடி போனதும், முன்னால் தூக்கிய ஏழுமலை திரும்பாமலே கேட்டான்.

"அண்ணா, பின்னாடி கனமா கீதா?"

மோகன்ராஜ் மூங்கிலிலிருந்து கையை எடுத்தார். பிறகு தோளையும் விலக்கிக்கொண்டு நின்றார். பாடை கொஞ்சமும் சாயாமல் சுடுகாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.