இதமாக்கிய குரல்

எனக்கு ஆட்டிசம். நான் பேசினால் முகத்தில் அடித்தாற்போல இருக்கிறதாம். அதனால் ஆபீஸில் எல்லோர் காதிலும் ஒரு கருவியை மாட்டினார்கள். என் பேச்சை அது இதமாக்கித் தருமாம். அன்றிலிருந்து ஒருவரும் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இன்று லிஃப்ட் கயிறு பிரியும் சத்தம் கேட்டது. மேனேஜர் இர்ஃபானிடம் ஓடினேன்.

"லிஃப்ட் அறுந்து விழப்போகுது. உடனே நிறுத்துங்க!"

"பாக்கலாம் மெர்லின், தேங்க்ஸ்," என்று புன்னகைத்தார்.

எதற்கு நன்றி? அவர் காதிலிருந்ததைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டு, அதையே திரும்பச் சொன்னேன்.

என் குரலே குழைந்தது: "சார், லிஃப்ட்ல லேசா ஒரு சத்தம். நேரம் இருந்தா பாருங்க."

லிஃப்டுக்கு ஓடினேன். ஆட்கள் நிறைந்து, கதவு மூடிக்கொண்டிருந்தது.

"இறங்குங்க!" என்று கத்தினேன்.

உள்ளே இருந்தவர்கள் சிரித்தபடி கையசைத்தார்கள்.