பதினோராவது பெயர்

பதினோராவது பெயரை வாசித்ததும் அப்பா விருட்டென்று எழுந்து நின்றார்.

"உள்ளேன் ஐயா!"

முதலுதவிப் பந்தலில் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டிருந்த நர்ஸ் மகளுக்குக் கை அப்படியே நின்றுபோனது.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றியதும், போராட்டத்தில் உயிர்விட்ட நாற்பத்தொரு பேரின் பெயரையும் தலைமையாசிரியர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மைதானமே சேர்ந்து "இருக்கிறார்!" என்று குரல் கொடுக்கும். முதல் வருஷத்திலிருந்து அப்படித்தான்.

செத்தவரே எழுந்து பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

அதுவும் யார் பெயருக்கு? அச்சாபீஸ் தம்பி! துண்டுப் பிரசுரம் அடித்து மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் குண்டடிபட்டு ஆற்றில் விழுந்தவர். உடல்கூடக் கிடைக்கவில்லை. பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறார். பஸ் நிலையத்துக்கே அவர் பெயர்தான்.

அப்பாவோ எங்கோ தூரத்து ஊரில் லாரி ஓட்டியவர். இப்போது நினைவு தப்பித் தப்பி வருகிறது. மகளுக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது, வரவே மாட்டேனென்று அடம்பிடித்தார். இன்று வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் டியூட்டிக்கே கூட்டி வந்திருந்தாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்ததும் சிரிப்பு நின்றது.

அச்சாபீஸ் தம்பியின் மனைவி. ஆறே மாதம் குடும்பம் நடத்திவிட்டு, அறுபது வருஷமாக அவருக்காக மாலை வாங்கிக்கொள்ளும் அம்மாள். கைத்தடியை ஊன்றி மைதானத்தின் குறுக்கே பந்தலுக்கு நடந்து வந்தாள்.

மகள் அவசரமாக வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். இந்த அம்மாள் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா ஓடிப்போனவர் என்றாகிவிடும். அம்மா இரண்டாம் தாரம், அது தெரியாமலே போய்ச் சேர்ந்தவள். அப்படியென்றால் தான் யார்? இல்லையென்று சொல்லிவிடு தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகும்!

அம்மாள் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்பா பச்சைக் குழந்தை மாதிரி சிரித்தார்.

அவள் மேடைப் பக்கம் திரும்பினாள்.

"யாரோ பெரியவர். பாவம், நினைவு தப்பிப்போச்சு. நீங்க அடுத்த பேரை வாசிங்க."

தலைமையாசிரியர் கனைத்துக்கொண்டு பன்னிரண்டாவது பெயரை வாசித்தார். "இருக்கிறார்!" என்று மைதானம் அதிர்ந்தது.

மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அம்மாள் உடனே போய்விடவில்லை. அப்பாவின் மடங்கிய சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். அடுத்த "இருக்கிறார்!" எழுந்தபோது, மகளின் காதருகே குனிந்தாள்.

"மல்லாக்கப் படுக்க விடாதேம்மா, தூக்கத்துல அலறுவார். இடது பக்கமாத் திருப்பிவிட்டு உள்ளங்காலைத் தடவிக் குடு. அடங்கிடுவார்."

அம்மா சாகும்வரை தினமும் செய்தது அதைத்தான்.